கடலடி எண்ணெய்க் கிணற்றுத் திட்டத்தை ஆராய்வது எப்படி: கசிவு நேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

கடலடியில் எண்ணெய்க் கிணறு தோண்ட ஒரு நிறுவனம் அனுமதி கேட்கும்போது, சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையையும் எண்ணெய்க் கசிவை எதிர்கொள்வதற்கான திட்டத்தையும் அது அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பெரும்பாலான நாடுகளின் சட்டம் சொல்கிறது. எண்ணெய் மாசு தொடர்பாக 1990இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கையும், கடலில் உள்ள எண்ணெய் மேடைகள் ஒவ்வொன்றுக்கும் அவசரகாலத் திட்டம் இருக்க வேண்டும் என்கிறது. பல நாடுகளில் இந்த ஆவணங்கள் முடிவெடுக்கும் முன்னரே மக்கள் பார்வைக்கு வருகின்றன. கருத்துத் தெரிவிக்கச் சில வாரங்கள் அவகாசமும் தரப்படுகிறது. அந்தச் சில வாரங்களில், கடலை நம்பி வாழ்பவரோ, மாணவரோ, செய்தியாளரோ, பல நூறு பக்கங்கள் கொண்ட ஆவணத்தை எப்படிப் படிப்பது, நழுவலான பதில் தர முடியாத கேள்விகளை அதிலிருந்து எப்படி எழுப்புவது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. பெருக்கவும் வகுக்கவும் தெரிந்திருந்தால் போதும். எஞ்சியதைப் பொறுமை பார்த்துக்கொள்ளும்.

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது

இத்தகைய ஆவணங்களில் பெரும் பகுதி, எண்ணெய் கசிந்த பிறகு அதை எப்படி அள்ளுவோம், எரிப்போம், சிதறடிப்போம் என்பதைப் பற்றியே இருக்கும். படகுகளின் படங்கள், தொலைபேசி எண்கள், பொறுப்பாளர்களின் வரிசை எல்லாம் அங்கே ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். அப்பகுதியை முதலில் படிக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. கிணற்றின் வடிவமைப்பு, அழுத்தச் சோதனைகள், விதிகளிலிருந்து கோரப்பட்டுள்ள விலக்குகள் ஆகியவை எந்த அத்தியாயத்தில் உள்ளன என்று தேடி, அங்கிருந்து தொடங்குங்கள். ஆவணத்தின் மொத்தப் பக்கங்களில் தடுப்புக்கு எத்தனை பக்கம், துப்புரவுக்கு எத்தனை பக்கம் என்று எண்ணிக் குறித்துக்கொள்வதும் பயனுள்ள முதல் வேலை.

இதற்குக் காரணம் இருக்கிறது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்னும் துளையிடு மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அதற்கு அடியில் இருந்த மக்கொண்டோ கிணற்றிலிருந்து 87 நாட்கள் எண்ணெய் கொட்டியது. ஆயிரக்கணக்கான கலங்களும் பல்லாயிரம் பணியாளர்களும் ஈடுபட்ட, உலகம் அதுவரை கண்டிராத துப்புரவுப் பணி அது. அப்படியிருந்தும், வெளியேறிய சுமார் 49 லட்சம் பீப்பாய் எண்ணெயில் கடற்பரப்பிலிருந்து வழித்து எடுக்கப்பட்டது ஏறத்தாழ 3 விழுக்காடு, எரிக்கப்பட்டது 5 விழுக்காடு என்றே அமெரிக்க அரசின் மதிப்பீடு கூறுகிறது. கிணற்று வாயிலேயே குழாய் பொருத்திக் கப்பலுக்கு ஏற்றிய 17 விழுக்காட்டையும் சேர்த்தால் கால் பங்கு. மீதி முக்கால் பங்கு காற்றிலும் நீரிலும் கடலடிச் சேற்றிலும் கரையிலும் கலந்தது. பணத்துக்கும் கருவிகளுக்கும் பஞ்சமில்லாத இடத்திலேயே இவ்வளவுதான் முடிந்தது என்றால், துப்புரவுத் திட்டம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. நீங்கள் எழுப்பும் கேள்விகளில் பெரும்பாலானவை கிணற்றைப் பற்றியே இருக்க வேண்டும்.

எண்ணெய் கடலில் என்ன செய்கிறது

ஆவணத்தில் 'தாக்கம் குறுகிய காலத்தது', 'கடல் தானாகவே மீளும்' என்பன போன்ற வாக்கியங்கள் வரும். அவற்றைச் சோதித்துப் பார்க்கச் சில அடிப்படைச் செய்திகள் தெரிந்திருக்க வேண்டும்.

கச்சா எண்ணெய் நீர்ப்பரப்பில் பரவியதும் அதிலுள்ள இலேசான பகுதிகள் முதல் ஓரிரு நாட்களில் ஆவியாகின்றன. அந்த ஆவிதான் அருகில் வேலை செய்பவர்களின் மூச்சுக்கும் கண்ணுக்கும் முதல் ஆபத்து. எஞ்சிய கனமான பகுதி, அலையின் அசைவில் கடல்நீரை உள்ளிழுத்துக்கொண்டு, பழுப்பு நிறத்தில் கூழ் போலத் தடித்துவிடுகிறது. இந்தக் கூழில் முக்கால் பங்கு வரை நீர் இருக்கலாம் என்பதால், கசிந்தது ஆயிரம் பீப்பாய் என்றால் அள்ள வேண்டியது நாலாயிரம் பீப்பாயாக மாறிவிடும். இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

பறவையின் இறகு நீரை உள்ளே விடாதபடி நுண்ணிய கொக்கிகளால் பின்னப்பட்டிருக்கிறது. அதில் சிறிதளவு எண்ணெய் பட்டாலும் பின்னல் குலைந்து, குளிர்ந்த நீர் தோலைத் தொடுகிறது. பறவை உடல் வெப்பத்தை இழக்கிறது. அலகால் இறகைக் கோதும்போது எண்ணெயை விழுங்கவும் செய்கிறது. அடர்ந்த ரோமத்தை நம்பி வாழும் கடல் நீர்நாய்க்கும் இதே கதிதான். 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் என்ற கப்பல் பாறையில் மோதி சுமார் 4 கோடி லிட்டர் எண்ணெய் கொட்டியபோது, இறந்த கடற்பறவைகள் ஏறத்தாழ 2,50,000 என மதிப்பிடப்பட்டது. மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் நீர்நாய்களின் எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பச் சுமார் 25 ஆண்டுகள் ஆயின. கரையின் கூழாங்கற்களைப் புரட்டினால் அடியில் உலராத எண்ணெய் இருப்பதைப் பத்தாண்டுகள் கடந்தும் ஆய்வாளர்கள் கண்டனர். காற்றும் ஒளியும் புகாத இடத்தில் எண்ணெய் மிக மெதுவாகவே சிதைகிறது.

கண்ணுக்குத் தெரியாத கேடு இன்னும் பெரிது. எண்ணெயிலிருந்து நீரில் கரையும் பலவளைய நறுமணச் சேர்மங்கள் என்னும் நச்சுப்பொருட்கள், நூறு கோடியில் சில பங்கு என்ற அளவில் இருந்தாலே மீன் கருவின் இதய வளர்ச்சியைக் குலைக்கின்றன என்பது சூரை மீன் கருக்களில் நடத்தப்பட்ட ஆய்வுகளில் உறுதியாயிற்று. அப்படிப் பிறக்கும் மீன்குஞ்சு உடனே சாகாமல் போகலாம். ஆனால் அதன் நீந்தும் திறன் குன்றிவிடும். மக்கொண்டோவுக்குப் பிறகு லூசியானாவின் பரட்டேரியா வளைகுடாவில் பரிசோதிக்கப்பட்ட ஓங்கில்களிடம் (டால்பின்கள்) நுரையீரல் நோயும் அட்ரினல் சுரப்பிக் குறைபாடும் காணப்பட்டன. அந்தக் கிணற்றிலிருந்து 11 கி.மீ. தொலைவில், 1,370 மீட்டர் ஆழத்தில் இருந்த பவளத் திட்டுகளும் பாதிக்கப்பட்டிருந்தன.

ஆகவே, தாக்க அத்தியாயத்தைப் படிக்கும்போது மூன்று செய்திகளைத் தேடுங்கள். மீன்கள் முட்டையிடும் மாதங்களும் இடங்களும் வரைபடமாகத் தரப்பட்டுள்ளனவா? கடற்பரப்பு மட்டுமின்றி நடுநீரும் கடலடியும் தனித்தனியே மதிப்பிடப்பட்டுள்ளனவா? 'மீளும்' என்று சொல்லப்பட்ட ஒவ்வோர் உயிரினத்துக்கும் எத்தனை ஆண்டுகள் என்ற காலக்கணக்கு உண்டா? மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும், அது எழுத்துமூலம் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

ஆவணம் இந்தக் கடலுக்காகத்தான் எழுதப்பட்டதா?

இது எளிதில் செய்யக்கூடிய சோதனை. ஆனால் பலர் செய்வதில்லை. மக்கொண்டோ கிணற்றைத் தோண்டிய பிபி நிறுவனம் மெக்சிகோ வளைகுடாவுக்காக வைத்திருந்த கசிவு எதிர்கொள்ளும் திட்டத்தில், பாதுகாக்க வேண்டிய விலங்குகளின் பட்டியலில் வால்ரஸ் இடம்பெற்றிருந்தது. வால்ரஸ் ஆர்க்டிக் கடலில் வாழும் விலங்கு. அந்த வெதுவெதுப்பான வளைகுடாவில் அதற்கு இடமேயில்லை. அவசரத்தில் அழைக்க வேண்டிய வல்லுநர்களில் ஒருவர், அத்திட்டம் ஒப்புதல் பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே காலமாகியிருந்தார். வேறு பெரிய நிறுவனங்களின் திட்டங்களும் ஏறக்குறைய வரிக்கு வரி ஒன்றாகவே இருந்தன என்பது 2010 ஜூனில் நடந்த அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்தது. ஒரு வேளை யாராவது அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்திருந்தால், திட்டம் பெயரளவுக்கானது என்பது விபத்துக்கு முன்பே தெரிந்திருக்கும்.

எனவே உயிரினப் பட்டியலை எடுத்துக்கொண்டு, அந்தக் கடற்பகுதியை அறிந்த மீனவர் ஒருவருடனும் உயிரியல் படித்த ஒருவருடனும் உட்கார்ந்து வரிவரியாகச் சரிபாருங்கள். இல்லாதது இருக்கிறதா என்று மட்டுமல்ல, இருப்பது விடுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தொலைபேசி எண்களில் சிலவற்றுக்கு அழைத்துப் பாருங்கள். இதில் கிடைக்கும் பிழை சிறியதாகத் தோன்றினாலும், ஆவணம் வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டப்பட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

மிக மோசமான கசிவின் அளவு

ஆவணத்தில் எங்காவது 'மிக மோசமான நிலையில் வெளியேறக்கூடிய எண்ணெய்' என்ற எண் இருக்கும். அது இரண்டு எண்களின் பெருக்கல்: கிணறு கட்டுப்பாட்டை இழந்தால் ஒரு நாளில் வெளியேறும் அளவு, அதை அடைக்க ஆகும் நாட்கள். நிறுவனங்கள் பெரும்பாலும் முதல் எண்ணைப் பொறியியல் கணக்கோடு தந்துவிட்டு, இரண்டாவதை மிகக் குறைவாக வைத்துவிடுகின்றன. வரலாற்றை அருகில் வைத்துப் பாருங்கள். 1979 ஜூன் 3 அன்று மெக்சிகோவின் கம்பெச்சே வளைகுடாவில் வெடித்த இக்ஸ்டாக் கிணறு 1980 மார்ச்சில்தான் அடங்கியது. அங்கே நீரின் ஆழம் சுமார் 50 மீட்டர்தான். 2009 ஆகஸ்டில் தீமோர் கடலில் வெடித்த மொன்டாரா கிணற்றுக்கு 74 நாட்கள். மக்கொண்டோவுக்கு 87 நாட்கள். ஓர் ஆவணம் 'ஏழு நாட்களில் அடைத்துவிடுவோம்' என்று சொன்னால், எந்தக் கருவியால், அது இப்போது எந்தத் துறைமுகத்தில் இருக்கிறது, எந்தக் கப்பல் அதை ஏற்றி வரும், அது வந்து சேர எத்தனை நாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

கட்டுமீறிய கிணற்றை நிரந்தரமாக அடைக்க நம்பகமான வழி, பக்கத்திலிருந்து இன்னொரு கிணற்றைச் சாய்வாகத் தோண்டி, பழைய கிணற்றின் அடிப்பகுதியில் கொண்டு சேர்த்து, கனமான சேற்றையும் சிமென்ட்டையும் செலுத்துவதாகும். இதை நிவாரணக் கிணறு என்பார்கள். கடலுக்கு அடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், சில அங்குல அகலமே உள்ள குழாயைத் தேடிப் பிடிக்கும் வேலை இது. மொன்டாராவில் ஐந்தாவது முயற்சியில்தான் கைகூடியது. அப்படித் தோண்டத் தகுதியுள்ள இரண்டாவது துளையிடு மேடை எங்கே இருக்கிறது, அதைத் தருவதாக எழுத்துமூல ஒப்பந்தம் உண்டா என்பது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. கிணற்று வாயில் பொருத்தும் மூடிக் கருவிகள் 2010க்குப் பிறகு உலகின் சில இடங்களில் தயாராக வைக்கப்பட்டுள்ளன. நார்வே, பிரேசில், தென்னாப்பிரிக்கா, சிங்கப்பூர் ஆகியவை அவற்றுள் அடங்கும். கருவி சிங்கப்பூரில் இருக்கிறது என்பது பதிலாகாது. அது கிணற்றின் மேல் பொருந்தும் நாள் எது என்பதே பதில்.

கிணற்றின் தடுப்புகள்

இதுவே ஆவணத்தின் நடுநாயகமான பகுதி. பூமிக்கு அடியில் அழுத்தத்தில் இருக்கும் எண்ணெயும் வாயுவும் மேலே பீறிட்டு வராமல் தடுப்பவை சில: துளைக்குள் நிரம்பியிருக்கும் கனமான சேறு, துளையின் சுவருக்கும் இரும்பு உறைக்குழாய்க்கும் இடையே இறுகியிருக்கும் சிமென்ட், கடலடியில் கிணற்று வாயின்மேல் நின்று, அவசரத்தில் குழாயை வெட்டி வாயை மூடும் வெடிப்புத் தடுப்பான். எந்த நேரத்திலும் ஒன்றையொன்று சாராத இரண்டு தடுப்புகளாவது வேலை செய்ய வேண்டும், அவை வேலை செய்கின்றன என்பது சோதனையால் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்பது இத்தொழிலின் அடிப்படை விதி.

மக்கொண்டோவில் என்ன நடந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது, என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்லித்தரும். கிணற்றின் அடியில் இட்ட சிமென்ட் சரியாக இறுகியதா என்று கருவியிறக்கிப் பார்க்க வரவழைக்கப்பட்டிருந்த குழு, சோதனை செய்யாமலே விபத்து நடந்த நாளின் காலையில் திருப்பி அனுப்பப்பட்டது. மாலையில் எதிர்மறை அழுத்தச் சோதனை நடந்தது. கிணற்றுக்குள் இருக்கும் அழுத்தத்தை வேண்டுமென்றே குறைத்து, வெளியிலிருந்து ஏதாவது உள்ளே கசிந்து வருகிறதா என்று பார்ப்பதே இச்சோதனை. எல்லாம் சரியாக இருந்தால் அழுத்தமானி சுழியத்தில் நிற்க வேண்டும். துளையிடு குழாயில் அது சதுர அங்குலத்துக்கு 1,400 பவுண்டு காட்டியது. கிணறு கசிகிறது என்று அந்த எண் நேரடியாகச் சொன்னது. மேடையில் இருந்தவர்களோ அதற்கு வேறொரு விளக்கம் கற்பித்து, இன்னொரு குழாயில் பார்த்துவிட்டு, சோதனை வெற்றி என்று முடிவு செய்தனர். அதன் பிறகு கனமான சேற்றை நீக்கிக் கடல்நீரை நிரப்பத் தொடங்கினர். அதாவது அப்போது வேலை செய்துகொண்டிருந்த ஒரே தடுப்பையும் எடுத்தார்கள். இரவு வாயு மேடையை அடைந்தது. கடைசித் தடுப்பான வெடிப்புத் தடுப்பானின் வெட்டும் கத்திகள், வளைந்துபோயிருந்த குழாயை முழுமையாக அறுத்து மூட இயலவில்லை. அதை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் மின்கலமும் கம்பி இணைப்பும் பழுதாயிருந்ததும் பின்னர் விசாரணையில் தெரிந்தது. அந்தச் சோதனையை எப்படி நடத்த வேண்டும், எந்த அளவு வந்தால் தோல்வி என்று வரையறுக்கும் பொதுவான நடைமுறையே அன்று இருக்கவில்லை என்று விசாரணை ஆணையம் கண்டது. மொன்டாராவிலும் ஆரம்பம் இதுதான்: கிணற்றின் அடியில் இட்ட சிமென்ட் உறுதியானதா என்று மெய்ப்பிக்காமலே வேலை தொடர்ந்தது.

இதிலிருந்து பிறக்கும் கேள்விகளைக் கடலடிக் கிணறு எதைப் பற்றியும் கேட்கலாம். எதிர்மறை அழுத்தச் சோதனையின் வெற்றி தோல்விக்கான எண் முன்கூட்டியே எழுதப்பட்டுள்ளதா? முடிவை மேடைக்கு வெளியே, செலவுக்கும் கால அட்டவணைக்கும் பொறுப்பில்லாத ஒருவர் சரிபார்ப்பாரா? சிமென்ட்டின் தரத்தைக் கருவியால் சோதிப்பது கட்டாயமா, நிறுவனத்தின் விருப்பமா? வெட்டும் கத்திகள் இந்தக் கிணற்றில் பயன்படும் குழாயை, அதன் இணைப்புப் பகுதி உட்பட, வெட்டக்கூடியவை என்று சுயேச்சையான அமைப்பு சான்றளித்துள்ளதா? வேலையை நிறுத்துங்கள் என்று சொல்லும் அதிகாரம் மேடையில் எல்லாத் தொழிலாளருக்கும் உண்டா, அப்படி நிறுத்தியவர் வேலை இழக்காதபடி ஒப்பந்தத் தொழிலாளருக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டா? இக்கடைசிக் கேள்வி பொறியியல் சாராதது என்று சிலர் ஒதுக்குவார்கள். அழுத்தமானியைப் பார்ப்பவர் தொழிலாளி என்பதால், இதை மற்றவற்றுக்கு நிகராகவே நான் வைக்கிறேன்.

விலக்குகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1969 ஜனவரி 28 அன்று கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா கரைக்கு அப்பால் வெடித்த கிணற்றில், வழக்கமான விதி கோரியதைவிடக் குறைந்த ஆழத்துக்கே உறைக்குழாய் இறக்க அரசே விலக்கு அளித்திருந்தது. கிணற்றின் வாயை மேலே மூடியதும், அழுத்தம் உறையில்லாத மண்ணடுக்கின் வழியே பக்கவாட்டில் பாய்ந்து, கடலடியில் விரிசல்களைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. மூடி சரியாகவே வேலை செய்தது. ஆனால் மூட வேண்டிய குழாய் பாதியில் நின்றுவிட்டது. ஆகவே ஆவணத்தில் 'விலக்கு', 'தளர்வு', 'மாற்று ஏற்பாடு', 'இதற்குச் சமமானது' ஆகிய சொற்களைத் தேடுங்கள். ஆவணம் மின்வடிவில் இருந்தால் இது சில நிமிட வேலை. கிடைக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் எந்த விதியிலிருந்து விலக்கு, யார் தந்தது, என்ன காரணம் என்று கேளுங்கள்.

காகிதத்தில் உள்ள துப்புரவுக் கருவிகள்

இப்போது துப்புரவு அத்தியாயத்துக்கு வரலாம். முதலில் எண்ணெயை உறிஞ்சும் கருவிகளின் கொள்ளளவைப் பாருங்கள். தயாரிப்பாளர் சொல்லும் திறன் ஆய்வுக்கூடத் தொட்டியில் அளந்தது. இரவு, அலை, எண்ணெயோடு வரும் நீர் ஆகியவற்றைக் கருதி, அதில் 20 விழுக்காட்டையே கணக்கில் எடுக்கலாம் என்பது அமெரிக்க விதிமுறைகளில் உள்ள குறைப்பு. அந்தக் குறைப்பும் போதுமானதாக இல்லை. பிபியின் திட்டம் நாளொன்றுக்கு 4,90,000 பீப்பாய்க்கு மேல் அகற்றும் திறன் இருப்பதாகச் சொன்னது. கிணற்றிலிருந்து வந்ததோ நாளொன்றுக்கு சுமார் 60,000 பீப்பாய். அள்ளியது முன்பே சொன்ன 3 விழுக்காடு.

அடுத்து, அள்ளிய கூழை எங்கே வைப்பது? நாளொன்றுக்கு 5,000 பீப்பாய் எண்ணெயை அள்ளுவோம் என்று ஆவணம் சொன்னால், நீர் கலந்த கூழாக அது 20,000 பீப்பாய். அவ்வளவு கொள்ளளவுள்ள மிதக்கும் தொட்டிகளோ கப்பல்களோ பட்டியலில் உண்டா என்று கூட்டிப் பாருங்கள். தொட்டி நிரம்பியதும் உறிஞ்சும் கருவி நின்றுவிடும்.

எண்ணெயைச் சூழ்ந்து கட்டும் மிதவைத் தடுப்புகளுக்கு எதிராக நீரோட்டம் நொடிக்கு சுமார் 0.35 மீட்டரைத் தாண்டினால், எண்ணெய் தடுப்பின் அடியில் நழுவிச் சென்றுவிடும். எரிப்பதற்கோ படலம் குறைந்தது இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனாக இருக்க வேண்டும், கூழாகிவிட்டால் தீப்பற்றாது. எனவே அந்தக் கடற்பகுதியின் அலை உயரம், காற்று, நீரோட்டம், பகல் நேரம் ஆகியவற்றை மாதவாரியாக வைத்து, ஆண்டில் எத்தனை நாட்கள் இக்கருவிகள் உண்மையில் பயன்படும் என்று கணக்கிட்டுத் தரும்படி கேளுங்கள். கருவிகள் வேலை செய்யாத மாதங்களில் துளையிடுவதைத் தடை செய்யலாமே என்ற கோரிக்கைக்கு அந்தக் கணக்கே அடிப்படையாகும்.

சிதறடிக்கும் வேதிப்பொருட்களைப் பற்றிய பக்கங்களை எச்சரிக்கையுடன் படியுங்கள். இவை எண்ணெயை அகற்றுவதில்லை. நுண்துளிகளாக்கி நீருக்குள் அனுப்புகின்றன. 1967 மார்ச்சில் இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கு அப்பால் டோரி கேன்யன் கப்பல் உடைந்தபோது தெளிக்கப்பட்ட அழுக்கு நீக்கிகள், எண்ணெயைவிடக் கரையோர உயிர்களுக்கு அதிகக் கேடு செய்தன. இன்றைய பொருட்கள் அவற்றைவிட நச்சுத்தன்மை குறைந்தவை. பறவைகளையும் சதுப்புநிலத்தையும் காப்பாற்ற அவை உதவும் நேரங்களும் உண்டு. ஆனால் அதற்கு விலை கொடுப்பவை நீருக்குள் மிதக்கும் முட்டைகளும் குஞ்சுகளும். மக்கொண்டோவில் ஏறத்தாழ 70 லட்சம் லிட்டர் பயன்படுத்தினார்கள். யார் அனுமதிப்பார்கள், எந்த ஆழத்துக்கு மேல், எந்த மாதங்களில், அதிகபட்சம் எவ்வளவு என்பவை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எண்ணெய் எங்கே போகும் என்று காட்டும் வரைபடத்தை நீங்களே ஓரளவு சோதிக்கலாம். மிதக்கும் எண்ணெய், நீரோட்டத்தோடு முழு வேகத்திலும், காற்றின் வேகத்தில் சுமார் 3 விழுக்காட்டிலும் நகரும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கரை நோக்கிக் காற்று வீசினால், காற்றினால் மட்டும் நொடிக்கு 0.3 மீட்டர், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 26 கி.மீ. கிணறு கரையிலிருந்து 50 கி.மீ. தொலைவில் இருந்தால் இரண்டு நாளில் எண்ணெய் கரையேறும். துப்புரவுக் கலங்கள் மூன்றாம் நாள் வரும் என்று அதே ஆவணம் சொன்னால், இரண்டு பக்க எண்களையும் குறிப்பிட்டு விளக்கம் கேளுங்கள்.

இழப்பீடு

கச்சா எண்ணெய் ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்குப் பன்னாட்டு இழப்பீட்டு உடன்படிக்கைகளும் நிதியமும் உண்டு. கடலடிக் கிணறுகளுக்கு அதற்கு நிகரான உலகளாவிய உடன்படிக்கை இல்லை என்பதைப் பலர் அறிவதில்லை. பாதிப்பு எல்லை கடந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகும். மொன்டாரா கிணறு ஆஸ்திரேலியக் கடலில் இருந்தது. தங்கள் கடற்பாசிச் சாகுபடி அழிந்தது என்று வழக்குத் தொடுத்தவர்கள் இந்தோனேசியாவைச் சேர்ந்தவர்கள். 2021இல் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது, 19.25 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது 2022இல், அதாவது கசிவு நிகழ்ந்து 13 ஆண்டுகளுக்குப் பிறகு. கடன் வாங்கிப் பயிர் செய்த குடும்பம் அத்தனை ஆண்டுகள் எப்படிக் காத்திருக்கும்?

மெக்சிகோ வளைகுடா விபத்தின்போது அமெரிக்கச் சட்டத்தில் சேத இழப்பீட்டுக்கான உச்சவரம்பு 7.5 கோடி டாலர். பிபி அரசுகளுடன் செய்துகொண்ட, 2016இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின் தொகை மட்டும் 2,080 கோடி டாலர். வரம்புக்கும் சேதத்துக்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தைச் சுட்டிக்காட்டி, உங்கள் முன் உள்ள திட்டத்துக்கு நிதிப் பிணை எவ்வளவு, அது எந்த வங்கியில் அல்லது காப்பீட்டில் இருக்கிறது, உரிமம் வேறு சிறிய நிறுவனத்துக்குக் கைமாறினால் பிணையும் கூடவே செல்லுமா என்று கேளுங்கள். கிணறு கைவிடப்படும்போது அதை அடைக்கும் செலவும் இதில் சேர வேண்டும். 2004இல் ஐவன் புயலின்போது ஏற்பட்ட கடலடி நிலச்சரிவில் டெய்லர் எனர்ஜி நிறுவனத்தின் மேடை சாய்ந்தது. அங்கிருந்த கிணறுகள் பத்தாண்டுகளுக்கு மேல் கசிந்துகொண்டேயிருந்தன.

அனுமதி வழங்கும் துறையே எண்ணெய் வருவாயையும் வசூலிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இவ்விரண்டு வேலையையும் ஒரே அமைப்பு செய்துவந்தது. 2010க்குப் பிறகு அது கலைக்கப்பட்டு, வருவாயும் பாதுகாப்பும் வெவ்வேறு அமைப்புகளிடம் பிரித்துத் தரப்பட்டன. வட கடலில் 167 பேரைப் பலிகொண்ட 1988ஆம் ஆண்டின் பைப்பர் ஆல்ஃபா விபத்துக்குப் பின் பிரிட்டனும் அப்படித்தான் பிரித்தது.

இன்றே சேகரிக்க வேண்டிய தரவு

கசிவுக்கு முன் கடல் எப்படி இருந்தது என்ற பதிவு இல்லாவிட்டால், கசிவுக்குப் பின் எதை இழந்தோம் என்று மெய்ப்பிக்க முடியாது. அதை நிறுவனத்திடம் விட்டுவிடாமல், கரையில் வாழ்பவர்களும் துளையிடும் முன்பே தொடங்க வேண்டும். ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், மாதம் ஒருமுறை கரையைப் படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். மீன்பிடிப்பவர்கள் இனம், எடை, இடம், நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவந்தால், பிற்காலத்தில் நீதிமன்றத்தில் அதைவிட வலுவான சான்று வேறு இராது. பறவைக் கணக்கெடுப்பையும் தாருருண்டைகள் ஒதுங்கும் இடங்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கடலில் எண்ணெய்ப் படலத்தைக் கண்டால், சூரியனை முதுகுப்புறம் வைத்துப் படம் எடுங்கள்; நேரம், இடக்குறியீடு, காற்றின் திசை, படலத்தின் நீள அகலம், நிறம் ஆகியவற்றைக் குறியுங்கள். நிறத்திலிருந்து அளவைக் கணிக்க ஐரோப்பிய வான்வழிக் கண்காணிப்பில் பயன்படும் அளவுகோல் உண்டு: வெள்ளிச் சாம்பல் நிறம் என்றால் சதுர கிலோமீட்டருக்கு 40 முதல் 300 லிட்டர், வானவில் நிறம் என்றால் 300 முதல் 5,000 லிட்டர். 2 கி.மீ. நீளமும் 100 மீட்டர் அகலமும் கொண்ட வானவில் படலம் 0.2 சதுர கி.மீ.; அதில் 60 முதல் 1,000 லிட்டர் வரை எண்ணெய் இருக்கும். 'சில லிட்டர்தான் சிந்தியது' என்று அறிவிப்பு வந்தால், இந்தக் கணக்கை இணைத்துப் புகார் தரலாம். வெறுங்கையால் தொடாதீர்கள், சோப்புக் கரைசல் எதையும் ஊற்றாதீர்கள், எண்ணெய் படிந்த பறவையை நீங்களே கழுவ முயல வேண்டாம், பயிற்சி பெற்றவர்களுக்குச் செய்தி சொல்லுங்கள்.

கேள்வியை எழுதும் முறை

'கடலை அழிக்காதீர்கள்' என்று எழுதினால், 'தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது' என்ற ஒரு வரியில் முடிந்துவிடும். ஒவ்வொரு கேள்வியிலும் பக்க எண், அங்கே உள்ள வாக்கியம், அதில் உள்ள குறை, நீங்கள் கேட்கும் எண் அல்லது சான்று ஆகிய நான்கும் இருக்கட்டும். 'பக்கம் 212இல் நிவாரணக் கிணறு 30 நாளில் முடியும் என்று உள்ளது. அதைத் தோண்டும் மேடையின் பெயரும் இப்போதைய இடமும் தரப்படவில்லை. அவற்றையும் ஒப்பந்த நகலையும் வெளியிட வேண்டும்' என்பது போல. நூறு பேர் ஒரே மனுவில் கையெழுத்திடுவதைவிட, பத்துப் பேர் பத்து வேறு கேள்விகளை அனுப்புவது அதிகாரிகளை அதிகம் கட்டுப்படுத்தும், ஏனெனில் ஒவ்வொன்றுக்கும் தனியே பதில் எழுத வேண்டியிருக்கும். கடைசி நாளுக்குக் காத்திராமல் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான சான்றை வாங்கிவையுங்கள்.

அனுமதி வழங்கப்பட்டாலும் வேலை தொடர்கிறது. அனுமதி ஆணையில் உள்ள நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் கெடு தேதியைக் குறியுங்கள். வெடிப்புத் தடுப்பானின் சோதனைப் பதிவு, அவசரகாலப் பயிற்சியின் அறிக்கை, பிணைத்தொகை செலுத்திய சான்று ஆகியவற்றை அந்தந்தக் கெடுவில் தகவல் அறியும் சட்டத்தின் கீழோ நேரடியாகவோ கேட்டு வாங்குங்கள். ஒரு கெடு தவறியதும் அடுத்ததற்காகக் காத்திராமல், அந்த நிபந்தனையின் எண்ணைக் குறிப்பிட்டு, நிறைவேறும் வரை துளையிடுவதை நிறுத்தி வைக்கும்படி ஒழுங்குமுறை அமைப்புக்கு எழுதுங்கள்.